செக் இன்ஜின் லைட் எரிந்தால்: ஸ்கேனர் வாங்குவதிலிருந்து பட்டறை பில் வரை

டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் எரிந்ததும் பட்டறைக்கு ஓடி, "அண்ணே, என்னன்னு பாருங்க" என்று சாவியை நீட்டிவிட்டு வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் காருக்கு அந்த லைட் எரிந்தபோது ஒரு பட்டறையில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். லைட் திரும்ப வந்தது. அப்புறம் பெட்ரோல் பம்ப் என்றார்கள், அதையும் மாற்றினார்கள், மறுபடியும் வந்தது. கடைசியில் கோளாறு இருந்த இடம், ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால் ஓடும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கையால் வளைத்துப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரிகிற ஒரு வெடிப்பு. அந்த ஹோஸின் விலை சென்சார் விலையில் கால்வாசிகூட இல்லை. காரின் கம்ப்யூட்டர் பதிவு செய்யும் கோளாறு எண்ணை, அதாவது "கோடு" (code) என்பதை எடுத்துக்கொண்டால், அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தால் அந்தப் பணம் கையில் இருந்திருக்கும். உங்கள் பணமாவது மிஞ்சட்டும்.

நீங்கள் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. கோடு என்பது எங்கே தேட வேண்டும் என்று காட்டும் குறிப்பு மட்டும்தான், எந்தச் சாமானை மாற்ற வேண்டும் என்று அது சொல்வதில்லை. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள எல்லாமே எளிது.

1. கருவியை எடுக்கும் முன் லைட்டைப் பாருங்கள்

மஞ்சள் லைட் நிலையாக எரிகிறது, கார் வழக்கம்போல் ஓடுகிறது என்றால் பதற வேண்டாம். வீட்டுக்கு ஓட்டிப் போய் நிதானமாக ஸ்கேன் பண்ணலாம்.

அதே லைட் விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. இன்ஜினில் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, எரியாத பெட்ரோல் புகைபோக்கிக்குள் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுக்கிறது என்று அர்த்தம். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் ஒன்று போனால் நூறு வெள்ளிக் (மலேசிய ரிங்கிட்) கணக்கில் முடிந்துவிடும், கேட்டலிட்டிக் போனால் ஆயிரத்துக்கு மேல் போய்விடும். அதனால் மின்னும் லைட்டோடு கோலாலம்பூரின் எம்ஆர்ஆர்2 சுற்றுச்சாலையில் அழுத்தி ஓட்டாதீர்கள், மெதுவாக ஓரம் கட்டுங்கள்.

சிவப்பில் எண்ணெய்க் குடுவைப் படமோ, வெப்பநிலைப் படமோ எரிந்தால் ஸ்கேனர் தேவையே இல்லை. பாதுகாப்பாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். அதேபோல் திடீர் வெள்ளத்தில் கார் முங்கியிருந்தால் சாவியையே திருப்பாதீர்கள், ஸ்கேன் எல்லாம் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான்.

2. உங்கள் காருக்கு எந்தக் கருவி ஓடும்?

பணத்தை வீணாக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கோடைப் படிக்கும் கருவிகளில் மலிவானது, இஎல்எம்327 என்று எழுதிய சின்ன டாங்கிள். ஷாப்பீயிலும் லஸாடாவிலும் சுமார் 15 முதல் 40 வெள்ளிக்குக் கிடைக்கும். காரில் செருகி, போனில் ஒரு ஆப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பெயரில் விற்பவை அநேகமாக எல்லாமே காப்பிச் சில்லுதான். காப்பியிலும் நல்லது, கெட்டது உண்டு. 2.1 என்று பதிப்பு எண் போட்டு வரும் பலவற்றில் பாதிக் கட்டளைகள் வேலை செய்வதில்லை, சில கார்களோடு இணையவே இணையாது. 1.5 என்று போட்டிருப்பது கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம், ஆகவே அதே கார் வைத்திருப்பவர்கள் எழுதிய விமர்சனங்களைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள். வந்த அன்றே காரில் செருகிப் பாருங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு பார்த்துப் பயனில்லை. கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் வீகேட் போன்ற பெயருள்ள டாங்கிளை வாங்குங்கள், தொல்லை குறைவு.

ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். மிக மலிவான டாங்கிள்கள் பழைய வகை புளூடூத்தில் ஓடுபவை, அவை ஆண்ட்ராய்டோடு மட்டும்தான் பேசும். ஐபோனுக்கு வைஃபை வகையோ, புளூடூத் 4.0 என்று தெளிவாக எழுதிய வகையோ வேண்டும். வாங்கும் முன் விற்பவரிடம் "ஐபோனில் ஓடுமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், திருப்பித் தரும்போது அது உதவும்.

அடுத்தது கையடக்க ரீடர். சொந்தத் திரையும் ஒயரும் இருக்கும், போன் தேவையில்லை. ஏறக்குறைய 80 முதல் 200 வெள்ளி. போனில் ஆப் நோண்டப் பிடிக்காத அப்பாவுக்கோ மாமாவுக்கோ வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் இதுதான் சரி. அதற்கு மேலே லாஞ்ச், ஆட்டெல் போன்ற நிறுவனங்களின் டேப்லட் வகைகள், ஏபிஎஸ், ஏர்பேக், கியர்பாக்ஸ் எல்லாம் படிப்பவை, ஆயிரத்தைத் தாண்டும். ஒரே ஒரு காருக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

கார் பக்கம் என்ன பார்க்க வேண்டும்? ஸ்டியரிங் கீழே 16 முனை சாக்கெட் இருந்தாலே எல்லாக் கருவியும் பேசும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1996-இலும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இலும் ஓபிடி2 (எல்லாக் கருவியும் கோடைப் படிக்க உதவும் பொதுத் தரம்) கட்டாயமானது, ஆனால் நம் ஊரில் ஓடும் பழைய கார்கள் எல்லாம் அந்தச் சட்டத்துக்காகச் செய்யப்பட்டவை இல்லை. பழைய பெரோடுவா, புரோட்டோன் சிலவற்றில் சாக்கெட் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே பேசும் மொழி வேறாக இருக்கும். கார்புரேட்டர் வைத்த பழைய சாகா, இஸ்வாரா என்றால் ஸ்கேன் பண்ண ஒன்றுமே இல்லை. ஜப்பானில் ஓடிய பிறகு இங்கே கொண்டு வந்து விற்கும் ரிகான் கார்களிலும், குறிப்பாக 2008-க்கு முந்தையவற்றில், சாதாரண டாங்கிள் "இணைக்க முடியவில்லை" என்றே சொல்லும். அப்படிப்பட்ட கார் என்றால் உங்கள் மாடல், ஆண்டு, இன்ஜின் மூன்றையும் போட்டு முதலில் தேடிப் பாருங்கள், ஓடாது என்று தெரிந்தால் கருவிக்குச் செலவழிக்காமல் ஸ்கேன் கட்டணம் கொடுத்துப் பட்டறையிலேயே படிக்கச் சொல்லுங்கள்.

உள்ளூர் கையிருப்பு என்றால் ஓரிரு நாளில் பொருள் வந்துவிடும். சீனாவிலிருந்து என்றால் வாரக்கணக்கில் ஆகும். அதனால் லைட் எரியும் முன்பே ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

3. காகிதங்களை முதலில் எடுத்து வையுங்கள்

சர்வீஸ் புத்தகம், கடைசியாகச் செய்த வேலைகளின் பில், வாரண்டி விவரம். இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். பெரோடுவா புதுக் கார்களுக்கு 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி. மற்ற நிறுவனங்களுக்கு உங்கள் புத்தகத்தைப் பாருங்கள். கார் வாரண்டிக்குள் இருந்தால் கோடைப் படியுங்கள், படம் எடுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோடை அழித்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போனால் "ஒன்றும் காட்டவில்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாமானைக் கழற்றிப் பார்ப்பதும் அவர்கள் வேலையாக இருக்கட்டும்.

பழைய பில் எதற்கு என்றால், லைட் எரியத் தொடங்கியதற்குக் கொஞ்சம் முன்னால் காரில் யார் கை வைத்தார்கள் என்பது பாதிப் பதில். ஏர் ஃபில்டர் மாற்றிய மறுநாள் லைட் வந்தால், ஃபில்டர் பெட்டியின் கிளிப் சரியாக மாட்டவில்லையா, சென்சார் பிளக்கைத் திரும்பக் குத்த மறந்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். இப்படி எத்தனையோ பேருக்கு நடந்திருக்கிறது.

4. செருகி இணைப்பது

சாக்கெட் பெரும்பாலும் ஓட்டுநர் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டின் அடிப்பக்கத்தில் இருக்கும். போனில் டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். மேல் பக்கம் அகலம், கீழ்ப் பக்கம் குறுகல், அதனால் தப்பாகச் செருக முடியாது. முடியவில்லை என்றால் அழுத்தாதீர்கள், திருப்பிப் பிடியுங்கள்.

சாவியை அணைத்த நிலையில் செருகுங்கள். அப்புறம் இன்ஜினை முடுக்காமல் சாவியை "ஆன்" நிலைக்குக் கொண்டு வாருங்கள். புஷ் ஸ்டார்ட் கார் என்றால் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் பெரும்பாலான கார்களில் இந்த நிலைக்கு வரும். டாங்கிளில் லைட்டே எரியவில்லை என்றால் கருவியைக் குறை சொல்வதற்கு முன் ஃபியூஸைப் பாருங்கள். பல கார்களில் சிகரெட் லைட்டருக்கும் இந்தச் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸ், போன் சார்ஜர் ஷார்ட் ஆகி அது எரிந்து போயிருக்கும்.

ஆண்ட்ராய்டில் புளூடூத் அமைப்பில் போய் இணைக்க வேண்டும், ரகசிய எண் கேட்டால் 1234 அல்லது 0000. ஐபோனில் புளூடூத் 4.0 வகையை அமைப்பில் இணைக்காமல் ஆப்புக்குள் போய்த்தான் இணைக்க வேண்டும், இது தெரியாமல் பலர் டாங்கிள் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். வைஃபை வகை என்றால் டாங்கிளின் வைஃபையில் சேருங்கள், ஆப் முகவரி கேட்டால் பெரும்பாலானவற்றுக்கு 192.168.0.10, போர்ட் 35000. ஆப்புக்கு, ஆண்ட்ராய்டு என்றால் "டார்க்" பழைய நம்பகமான ஒன்று, "கார் ஸ்கேனர்" இரண்டு வகைப் போனிலும் ஓடும், இலவசப் பதிப்பே தொடக்கத்துக்குப் போதும்.

5. கோடைப் படியுங்கள், எழுதுங்கள், அழிக்காதீர்கள்

ஆப்பில் கோடு படிக்கும் பட்டனுக்குப் பக்கத்திலேயே அழிக்கும் பட்டன் இருக்கும், கை அங்கே போக வேண்டாம். அழித்தால் லைட் அணையும், கூடவே கோளாறு நடந்த நேரத்து விவரமும் போய்விடும்.

முதலில் பதிவான கோடுகள், அடுத்து "பெண்டிங்" கோடுகள், இரண்டையும் படியுங்கள். பெண்டிங் என்றால் இன்ஜின் கம்ப்யூட்டர் ஒரு முறை பார்த்துவிட்டது, உறுதி செய்யக் காத்திருக்கிறது என்று பொருள். அப்புறம் "ஃப்ரீஸ் ஃப்ரேம்" என்று ஒன்று இருக்கும், புதியவர்கள் அதைத் திறப்பதே இல்லை. கோடு பதிவான அந்த நொடியில் வேகம் எவ்வளவு, ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) எவ்வளவு, இன்ஜின் சூடாக இருந்ததா, குளிர்ந்து இருந்ததா எல்லாம் அதில் இருக்கும். காலையில் முடுக்கியதும் வந்த கோளாறும், நெடுஞ்சாலையில் 110-இல் போகும்போது வந்த கோளாறும் ஒரே கோடாக இருந்தாலும் காரணம் வேறாக இருக்கலாம். எல்லாத் திரையையும் படம் எடுங்கள், கிலோமீட்டர் அளவும் ஒரு படம்.

கோடின் முதல் எழுத்து பி (P) என்றால் இன்ஜின், கியர் பக்கம், சி என்றால் பிரேக், சஸ்பென்ஷன் பக்கம், யூ என்றால் காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் வழியில் சிக்கல். இன்ஜின் கோடில் அடுத்து வரும் எண் 0 என்றால் எல்லா நிறுவனத்துக்கும் ஒரே அர்த்தம், 1 என்றால் அந்த நிறுவனத்துக்கே உரியது. ஆகவே பி1 என்று தொடங்கும் கோடைத் தேடும்போது கார் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள், ஆப் காட்டும் விளக்கம் வேறு நிறுவனத்துக்கு உரியதாக இருக்கலாம்.

ஒரே நேரத்தில் ஐந்தாறு கோடு வந்தால் முதலில் பேட்டரி. நம் ஊர் வெயிலில் பேட்டரி இரண்டு வருடம் தாங்கினாலே நல்ல ஆயுள். இன்ஜின் அணைந்து சில மணி நேரம் ஆன பிறகு 12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும், ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.5 வரை. இது சரியில்லை என்றால் மற்றக் கோடுகளை நம்பிச் சாமான் வாங்காதீர்கள். பேட்டரி சரி என்றால் அடுத்து பானெட்டைத் திறந்து எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள், கொண்டோ, ஃபிளாட் கார் நிறுத்துமிடங்களில் இது சர்வசாதாரணம்.

6. லைவ் டேட்டா: உண்மை இங்கேதான் தெரியும்

கோடைப் படித்ததோடு நிறுத்தினால் பாதி வேலைதான். இன்ஜின் ஓடும்போதே சென்சார்கள் காட்டும் எண்களை ஆப்பில் பார்ப்பதுதான் லைவ் டேட்டா. இன்ஜினை முடுக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக விட்டு, ஏர்கான், ரேடியோ அணைத்து, கீழே உள்ளவற்றைப் பாருங்கள். இரண்டு நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூலண்ட் வெப்பநிலை: சூடான பிறகு பெரும்பாலான கார்களில் 80-க்கும் 100-க்கும் நடுவே நிற்கும். ஜாலான் ஈப்போ ஜாமில் ஏறிக்கொண்டே போய், நெடுஞ்சாலையில் இறங்கினால் விசிறியையும் அதன் ரிலேயையும் சந்தேகப்படுங்கள். 110-ஐத் தொட்டால் சோதனை எல்லாம் வேண்டாம், நிறுத்துங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. நெடுஞ்சாலையில் 60, 70 என்று இறங்கி நின்றால், கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கும், அல்லது உள்ளே தெர்மோஸ்டாட்டே இருக்காது. "நம்ம ஊர் சூட்டுக்கு இது எதுக்கு" என்று கழற்றி எறிந்துவிடும் பழைய போர்மேன்கள் (பட்டறை மெக்கானிக்குகள்) இன்னமும் இருக்கிறார்கள். இன்ஜின் எப்போதும் குளிராகவே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், பி0128 கோடு வரும். திருப்பிப் போடச் சொல்லுங்கள், இது வெயிலுக்கும் குளிருக்கும் பொதுவான சாமான்.

ஃபியூவல் ட்ரிம்: புதியவர்கள் ஒரே ஒரு எண்ணைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். இன்ஜின் கம்ப்யூட்டர் தன் கணக்கை விட எத்தனை சதவீதம் கூடவோ குறையவோ பெட்ரோல் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று இது காட்டும். குறுகிய காலம், நீண்ட காலம் என்று இரண்டு இருக்கும். இரண்டையும் கூட்டினால் சைபருக்கு ஐந்து மேலே கீழே இருப்பது ஆரோக்கியம். பிளஸ் பத்தைத் தாண்டினால் எங்கோ காற்று கூடுதலாக வருகிறது, அல்லது பெட்ரோல் குறைவாக வருகிறது. மைனஸ் பத்துக்குக் கீழே என்றால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது.

இப்போது நிறுத்திய காரில் ஐடலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்) ஒரு முறை எண்ணைப் பாருங்கள், ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்து 2500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடித்து மறுபடி பாருங்கள். ஐடலில் பிளஸ் இருபது காட்டியது 2500-இல் ஐந்துக்கு இறங்கினால் காற்றுக் கசிவு. ஐடலில் நன்றாக இருந்து, வேகம் கூடக் கூட எண்ணும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அல்லது அழுக்கேறிய காற்றளவு சென்சார். என் காரில் இந்தச் சோதனையை யாராவது செய்திருந்தால் பெட்ரோல் பம்பைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

ஒரு விஷயம், காற்றளவு சென்சாருக்குப் பதில் மேப் எனப்படும் அழுத்த சென்சார் வைத்த கார்களில் காற்றுக் கசிவு ட்ரிம்மில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது, ஐடல் ஆர்பிஎம் தூக்கலாக நிற்பதாகக் காட்டும். உங்கள் காரில் எது என்று லைவ் டேட்டா பட்டியலிலேயே தெரிந்துவிடும். மேப் இருந்தால் சாவி மட்டும் போட்ட நிலையில் கோலாலம்பூரில் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும், சூடான இன்ஜின் ஐடலில் 25 முதல் 40 வரை.

ஆக்சிஜன் சென்சார்: சாதாரண வகையில் முன்னால் இருப்பது 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே வேகமாக ஏறி இறங்க வேண்டும், கேட்டலிட்டிக்குக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் அமைதியாக நிற்க வேண்டும்.

ஓட்டிக்கொண்டே பார்க்க வேண்டியிருந்தால் பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள், அல்லது பதிவு போட்டுவிட்டு வீட்டில் பாருங்கள். போனைக் கையில் வைத்து ஓட்டினால் 300 வெள்ளி சம்மன், அதைவிட உயிர் பெரிது. சுமை கொடுத்தால் மட்டும் வரும் கோளாறுக்கு, கோம்பாக் தாண்டி காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றம் நல்ல சோதனைக்களம்.

7. சாமான் வாங்கும் முன் செலவில்லாத சோதனைகள்

பி0301 முதல் பி0304 வரை: மிஸ்ஃபயர், அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. கடைசி எண்தான் சிலிண்டர். இன்ஜின் நன்றாக ஆறட்டும். காயில் தனித்தனியாக இருக்கும் கார் என்றால் கோடு காட்டும் சிலிண்டரின் காயிலையும் பக்கத்துச் சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு, கோடை அழித்து (படம் எடுத்த பிறகுதான்), ஓட்டிப் பாருங்கள். பி0301 இப்போது பி0302 ஆனால் காயில்தான், ஒன்று மட்டும் வாங்குங்கள். கோடு அதே இடத்தில் நின்றால் ஸ்பார்க் பிளக்கை அதே மாதிரி மாற்றிப் பாருங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர், கம்ப்ரெஷன், இது பட்டறை வேலை. காயில் பிளக்கைக் கழற்றும்போது பார்த்து, சூட்டில் வருடக்கணக்காக வெந்த பிளாஸ்டிக் கிளிப் பிஸ்கட் மாதிரி நொறுங்கும், நகத்தால் நெம்பாமல் அழுத்தி, மெல்ல ஆட்டி எடுங்கள். காயிலை உருவியதும் அதன் ரப்பர்க் காலில் எண்ணெய் ஒட்டியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட் கசிகிறது, அதை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் புதுக் காயிலும் போகும்.

காயில் ஒன்று கார் மாடலைப் பொறுத்து 60-இலிருந்து 200 வெள்ளி வரை கேட்பார்கள். "நாலையும் மாத்திடுங்க" என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

பி0171: காற்று கூடுதல், அல்லது பெட்ரோல் குறைவு. ஃபியூவல் ட்ரிம் சோதனை செய்தாகிவிட்டது. காற்றுக் கசிவு என்று தெரிந்தால் ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து இன்ஜின் வரை ஒவ்வொரு ஹோஸையும் கையால் வளைத்து, அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். இணையத்தில் கார்ப் கிளீனர் அடித்துப் பார்க்கச் சொல்வார்கள், சூடான இன்ஜினில் அது தீப்பிடிக்கும், வேண்டாம். இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் காயில், ஒயர்ப் பக்கம் படாமல் ஹோஸ் மூட்டுகளில் தெளித்தால் போதும், கசிவு இருக்கும் இடத்தில் இன்ஜின் சத்தம் ஒரு நொடி மாறும். அதிலும் பிடிபடவில்லை என்றால் பட்டறையில் புகை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பி0420: கேட்டலிட்டிக் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோடு. "கேட்டலிட்டிக் போச்சு" என்று உடனே சொல்வார்கள். லைவ் டேட்டாவில் பின் ஆக்சிஜன் சென்சாரின் வோல்ட் வரைபடத்தைப் பாருங்கள். முன் சென்சார் மாதிரியே வேகமாக ஆடினால் கேட்டலிட்டிக் பலவீனம் என்பது பெரும்பாலும் சரி. அமைதியாக நின்றால் புகைக்குழாயில் கசிவு, சென்சார் ஒயர் இவற்றை முதலில் பார்க்க வேண்டும். பழைய கார் வாங்கியவர்கள் இன்னொன்றும் பாருங்கள், முன்பு வைத்திருந்தவர் கேட்டலிட்டிக்கின் உள்ளே இருப்பதைத் தோண்டி எடுத்துவிட்டு வெறும் கூட்டை விட்டிருக்கலாம். மிஸ்ஃபயர் கோடும் சேர்ந்து வந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் புதுக் கேட்டலிட்டிக் போடவே போடாதீர்கள்.

பி0455, பி0442: பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறது. முதலில் பெட்ரோல் அடிக்கும் மூடியை இறுக்கிப் பூட்டுங்கள், அதன் ரப்பர் வளையத்தைத் துடைத்துப் பாருங்கள். லைட் உடனே போகாது, சில நாள் ஓட்டிய பிறகுதான் தானாக அணையும்.

8. பட்டறைக்குப் போகும்போது

செகாம்புட், கெப்போங், ஜாலான் ஈப்போ பக்கம் பட்டறைக்குக் குறைவில்லை. ஸ்கேன் கட்டணம் பெரும்பாலும் 30 முதல் 100 வெள்ளிக்குள், அங்கேயே வேலை செய்தால் பலர் வாங்குவதில்லை, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை கூட்டம் அதிகம், வார நாளில் திறந்ததும் போனால் போர்மேன் நின்று பேசுவார்.

"லைட் எரியுது, பாருங்க" என்று சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, பி0301 வந்துச்சு. காயில மாத்திப் போட்டேன், கோடு ரெண்டாவதுக்குப் போயிருச்சு. அந்தக் காயில மட்டும் மாத்தணும், ஒரிஜினல் எவ்வளவு, ஓஇஎம் எவ்வளவு?" ஓஇஎம் என்றால் கார் நிறுவனத்தின் பெயர் இல்லாமல் வரும் சாமான். சீனர் கடை என்றால் போனில் இருக்கும் படத்தை நீட்டி, "பாஸ், தெங்கோக் இனி டூலு" (முதலில் இதைப் பாருங்கள்) என்று மலாயில் சொன்னாலே போதும். நன்றாக வேலை தெரிந்த போர்மேன் இதற்குக் கோபப்பட மாட்டார், அவருக்கு நேரம் மிச்சம். "போனுல பாத்ததெல்லாம் நம்பாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத் தானும் ஒன்றும் சோதிக்காமல் சாமான் பட்டியல் போடுகிறவரிடம் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

வேலை தொடங்கும் முன் வாட்ஸ்அப்பில் விலை கேளுங்கள்: சாமான் தனி, கூலி தனி, ஒரிஜினலா ஓஇஎம்மா, எத்தனை மாத உத்தரவாதம். "கழற்றிய பழைய சாமானை எனக்குத் தரணும்" என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள். முடிந்ததும் கடைப் பெயரும் காரின் எண்ணும் கிலோமீட்டரும் போட்ட பில் வாங்குங்கள், வெறும் தாளில் மொத்தத் தொகை மட்டும் எழுதியது பின்னால் உதவாது.

சிக்கல் வந்தால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு நீங்களே வழக்குப் பதியலாம். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். அங்கே பேசப்போவது உங்கள் பில், வாட்ஸ்அப் உரையாடல், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் படங்கள். அதனால்தான் ஆரம்பத்திலிருந்தே படம் எடுங்கள், படம் எடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

9. அழித்த பிறகு

கோளாறு சரியான பிறகு கோடை அழியுங்கள். அழித்ததும் இன்ஜின் கம்ப்யூட்டர் தான் கற்று வைத்திருந்த ட்ரிம் கணக்கையும் மறந்துவிடும், ஓரிரு நாள் ஐடல் கொஞ்சம் ஆடலாம், பயப்பட வேண்டாம். ஆப்பில் "ரெடினஸ்" என்ற பக்கத்தில், இன்ஜின் கம்ப்யூட்டர் தானாகச் செய்யும் எல்லாச் சோதனைகளும் "நாட் ரெடி" என்று காட்டும். குளிர்ந்த இன்ஜினில் முடுக்கி, கொஞ்சம் நகர ஜாம், கொஞ்சம் நெடுஞ்சாலை என்று கலந்து சில நாள் ஓட்டினால் ஒவ்வொன்றாக "ரெடி" ஆகும். அவை ரெடி ஆன பிறகும் பெண்டிங் கோடு இல்லை என்றால்தான் வேலை முடிந்தது. பட்டறை வாசலில் லைட் அணைந்திருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அழித்தால் எந்த லைட்டும் அணையும்.

பழைய கார் வாங்கப் போகும்போதும் இந்தப் பக்கம்தான் உதவும். விற்பவர் "லைட் எதுவும் இல்ல பாருங்க" என்பார். டாங்கிளைச் செருகி ரெடினஸைப் பாருங்கள். பாதிக்கு மேல் நாட் ரெடி என்றால் அண்மையில் யாரோ கோடை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். காரணம் கேளுங்கள், ஒரு வாரம் கழித்து வந்து மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லுங்கள், டெபாசிட்டை அதுவரை கொடுக்காதீர்கள்.

கடைசியாக டாங்கிளைக் கழற்றி கிளவ் பாக்ஸில் போடுங்கள். செருகியபடியே விட்டால் இன்ஜின் அணைந்த பிறகும் அது மின்சாரம் எடுக்கும், ஊருக்குப் போய் வாரக்கணக்கில் கார் நின்றால் பேட்டரி இறங்கிவிடும். மலிவான டாங்கிள் பலவற்றில் ஒழுங்கான ரகசிய எண்ணும் கிடையாது, பக்கத்தில் நிற்கிற யார் போனும் அதோடு இணையலாம்.